நாற்பத்தொன்றாவது ஸ்லைடு

பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பட்டியலில் நாற்பது பெயர்கள். பெட்டிக்குள் நாற்பத்தொரு ஸ்லைடுகள்.

ஜெசிந்தா விரல் வைத்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொன்றுதான். காலையில் அவளும் இசைவாணியும் இந்தப் பெட்டியை வாங்கும்போது அலமாரிப் பக்கத்திலேயே நின்று எண்ணி, நோட்டில் நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் குடல்வால் ஸ்லைடுக்கு அடுத்த பள்ளங்கள் எல்லாம் காலியாகக் கிடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது அந்தக் காலிப் பள்ளங்களில் முதலாவதில் ஒரு ஸ்லைடு நின்றிருந்தது. அதன் இரண்டு பக்கமும் பள்ளத்துத் தூசி கலையாமல் படிந்திருந்தது.

இசைவாணிதான் மாற்றி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். இசைவாணி பகல் பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். திருவெண்ணெய்நல்லூர் பஸ் மழையில் நின்றுபோனால் வீடு போய்ச் சேர முடியாது என்று, பாதிப் பெட்டி பார்க்கும்போதே எழுந்து ஓடியவள். போகிற அவசரத்தில் வேறு பெட்டி ஸ்லைடு ஒன்றை இதில் செருகியிருக்கலாம்.

விழுப்புரம் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கல்லூரியின் இரண்டாவது மாடி லேபில் ஜெசிந்தா மட்டும்தான் இருந்தாள். ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டில் விழுந்த மழை, கூரை முழுக்க யாரோ மணலைச் சலிப்பது போல ஒரே சீராக இரைந்தது. மத்தியானமே மின்சாரம் போய்விட்டதால் பல்பு வைத்த புது மைக்ராஸ்கோப்புகள் எல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையாகக் குனிந்து நின்றன. ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரே ஒரு பழைய மைக்ராஸ்கோப்தான் பயன்பட்டது. அதன் அடியில் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. அதை வானத்தின் பக்கம் திருப்பி வைத்தால் வெளிச்சம் குழலுக்குள் ஏறும். மேகம் கருக்கும்போது உள்ளே தெரிவதும் கருத்துவிடும். ஈரச் சுவரின் வாசனை, ஃபார்மலின் நெடி, சைலீன் நெடி எல்லாம் கலந்து மூக்கின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை ஸ்பாட்டர் தேர்வு. இருபது மைக்ராஸ்கோப்புகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடைப் பொருத்தி வைத்திருப்பார்கள். இரண்டு நிமிடம். பார்த்து, அது எந்தத் திசு என்று எழுதி, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று இரண்டு காரணங்களும் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்ததுக்கு நகர வேண்டும். மே மாதத் தேர்வில் அவள் நிணநீர் முடிச்சை மண்ணீரல் என்று எழுதினாள், மூச்சுக்குழலை உணவுக்குழல் என்று எழுதினாள். ஐந்து மதிப்பெண்ணில் போனது. திண்டிவனத்தில் ஒரு லேப்காரர், பாஸ் பண்ணிவிட்டு வா, இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லி ஆறு மாதம் ஆகிறது. இந்த முறையும் போனால் அவர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார். கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் டீக்கடைக்கு மாவு அரைத்துப் பாத்திரம் கழுவும் அவள் அம்மா இருதயமேரி, கடைக்கு வருகிற லாரிக்காரர்களிடம்கூட, எம்பொண்ணு ரத்தம் பாத்து நோவு சொல்ற படிப்பு படிக்கிறா என்று சொல்லி வைத்திருந்தாள்.

அதனால் படிப்பதற்கு அவள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் சின்ன லென்ஸில் முழுத் திசுவையும் பார்ப்பது, பிறகு பெரிய லென்ஸில் செல்களைப் பார்ப்பது, பெயரை வாய்விட்டுச் சொல்வது, ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைவது. சிறுநீரகம், கல்லீரல், நாக்கு, இதயத் தசை என்று இருபத்திரண்டு வரைக்கும் வந்திருந்தாள். ஒவ்வொன்றும் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏறி, ஏதோ ஒரு ஊரை மேலிருந்து பார்ப்பது போல அவளுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்று காலையில்தான் முதல்முறையாக, பாஸ் பண்ணிவிடுவோம் என்ற நம்பிக்கை வந்தது.

நாற்பத்தொன்றாவது ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பெயர்ச்சீட்டு இல்லை. கண்ணாடியின் ஓரத்தில் ஊசியால் கீறியது போல 214/19 என்று இருந்தது. நடுவில், மேலே ஒட்டிய மெல்லிய மூடுகண்ணாடிக்கு அடியில், உளுந்து அளவுக்கு ஒரு சிவப்புத் துண்டு.

மைக்ராஸ்கோப் மேடையில் வைத்துத் திருகைத் திருப்பினாள். மங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்தது. அடுக்கடுக்கான தட்டைச் செல்கள். வாய், உணவுக்குழல், அந்த மாதிரி ஏதோ ஒன்றின் உள்தோல். ஆனால் அடுக்கு நேராக இல்லை. ஓரிடத்தில் கீழ்ப்பக்கம் பிய்த்துக்கொண்டு செல்கள் கொத்துக் கொத்தாக உள்ளே இறங்கியிருந்தன. ஒவ்வொரு செல்லின் உட்கருவும் பெருத்து, கறுத்து, ஒன்று மாதிரி ஒன்று இல்லாமல் இருந்தது. கொத்துகளின் நடுவில் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற மாதிரி வளையம் வளையமாகச் சுருண்ட இளஞ்சிவப்பு உருண்டைகள். பாடம் எடுக்கும் ஆர்த்தி மேடம் ஒருமுறை படத்தில் காட்டி, இதற்கு முத்து என்று பெயர், இதைப் பார்த்தால் புற்று என்று எழுதிவிடலாம், ஆனால் உங்கள் பாடத்தில் வராது என்று சொல்லியிருந்தார்.

பாடத்தில் வராததைப் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம். எடுத்து வைத்துவிட்டு, கீழே போய் லேப் உதவியாளர் துரைக்கண்ணுவிடம் சொன்னாள். அவர் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். டவுனில் ஒரு லேபை மூடினபோது அவர்களுடைய பழைய சாமான்களைக் கல்லூரி மொத்தமாக எடுத்ததாகவும், அந்த ஸ்லைடுகளும் பதிவேடுகளும் மேலே அடி அலமாரியில் கிடப்பதாகவும், அதில் ஒன்று எப்படியாவது வந்து சேர்ந்திருக்கும் என்றும் சொன்னார்.

"அதெல்லாம் நோயாளிங்களுது பாப்பா. நமக்கு எதுக்கு. எட்த்த எடத்துலயே வச்சிட்டு, உன் படிப்பப் பாரு. ஆறு மணிக்கு நான் பூட்டணும்."

எடுத்த இடத்தில் வைக்கத்தான் அவள் அடி அலமாரியைத் திறந்தாள். அங்கே கரையான் ஏறிய அட்டைப் பெட்டிகளுக்கு மேல் 2019 என்று முதுகில் எழுதிய நீளப் பதிவேடு ஒன்று இருந்தது. எந்தப் பெட்டி என்று தெரிந்தால் அதிலேயே வைத்துவிடலாம் என்று பக்கங்களைப் புரட்டினாள். 212. 213. 214.

பாக்கியசாமி. வயது 46. ஆண். கூட்டேரிப்பட்டு. இடது கன்னம்.

அவள் அப்பாவின் பெயர்.

வெகுநேரம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. திண்டிவனத்தில் டாக்டர் அப்பாவின் கன்னத்தில் ஒரு துண்டு வெட்டி, சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் போல ஒன்றை ஊற்றி அதில் போட்டு, இதை விழுப்புரத்து லேபில் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அம்மாவின் கையில் கொடுத்தார். பஸ்ஸில் ஜெசிந்தாதான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது டப்பாவின் சுவரில் போய் மெல்லத் தட்டியது. அப்பா கரும்பு வெட்டுகிற ஆள். வளவனூர்ப் பக்கம் வெட்டுக்குப் போனால் பத்து நாள், பதினைந்து நாள் வீட்டுக்கு வரமாட்டார். வரும்போது சட்டையெல்லாம் கரும்புச் சோகை கிழித்திருக்கும், வாயில் புகையிலை அடங்கியிருக்கும். எட்டு நாள் கழித்துக் காகிதம் வந்தது. அதில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள், ஒன்றும் புரியவில்லை. போகப் போக அப்பாவின் வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. அடுத்த தையில் அவரைக் கோயில் கல்லறையில் புதைத்தார்கள். இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தக் காகிதம் புரியாததால்தான் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மண்ணுக்குள் போன அப்பா இந்நேரம் மண்ணாகியிருப்பார். இந்தக் கண்ணாடிக்குள் இருப்பது மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது.

ஸ்லைடைத் திரும்ப எடுத்துவந்து மேடையில் வைத்தாள். இப்போது வேறு விதமாகப் பார்த்தாள். தோல் அடுக்கின் ஓரத்தில் நல்ல செல்கள் கொஞ்சம் இருந்தன. இது அப்பா, இது அப்பா என்று ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டி எல்லாம் கலங்கியது. யாரும் கேட்கமாட்டார்கள், கணக்கிலும் இல்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம் என்று தோன்றியது. கைக்குட்டையில் மடித்து மேஜை ஓரத்தில் வைத்தாள். பிறகு மனசு கேட்காமல் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

பதிவேட்டில் பார்த்ததைச் சொன்னாள். பின்னால் டீ ஆற்றுகிற சத்தமும் நெடுஞ்சாலையில் வண்டிகள் மழைத் தண்ணீரைக் கிழித்துப் போகிற சத்தமும் கேட்டன. அந்த டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்த லேப் இப்போது இல்லையே என்று அம்மா கேட்டாள். உண்மையிலேயே அப்பா பெயர்தான் இருக்கிறதா என்று கேட்டாள். வீட்டுக்கு எடுத்து வரட்டுமா என்று ஜெசிந்தா கேட்டபோதுதான் அம்மாவின் குரல் மாறியது.

"வேணாம். அது உங்கப்பா இல்ல ஜெசி. உங்கப்பாவ தின்னது. அத அங்கியே உட்டுட்டு ஜல்தியா கெளம்பி வா."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதை விட்டுப் போகவில்லை. அம்மா படிக்காதவள், அப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டாள். மணி மூன்றரை. இன்னும் பதினெட்டு ஸ்லைடு பாக்கி இருந்தது. அதற்குமுன், காலையில் பார்த்ததில் சந்தேகமானவற்றை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடலாம் என்று சிறுநீரகத்தை எடுத்து வைத்தாள்.

உருண்டை உருண்டையான குழாய்க் கொத்துகள். சுற்றிலும் நெருக்கமாகச் சின்னக் குழாய்கள். சிறுநீரகம், காரணம் ஒன்று, காரணம் இரண்டு. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓரத்துக்கு நகர்த்தினாள்.

ஓரத்தில் ஒரு முத்து இருந்தது.

கண்ணை எடுத்து, ஸ்லைடின் சீட்டைப் பார்த்தாள். ஏழு, சிறுநீரகம். ரெக்கார்டு நோட்டைப் புரட்டினாள். காலையில் அவள் வரைந்த படத்தில் அந்த மூலையில் குழாய்கள்தான் இருந்தன. மறுபடியும் பார்த்தாள். வளையம் வளையமாக, இளஞ்சிவப்பாக, சுற்றிலும் கறுத்த பெரிய உட்கருக்கள். சின்னக் கொத்துதான். காலையில் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

இதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. மெழுகில் பதித்த திசுவைச் சீவி எடுத்து வெந்நீர்த் தொட்டியில் மிதக்க விட்டுத்தான் கண்ணாடியில் ஏந்துவார்கள். ஒருவருடைய திசுவில் ஒரு துணுக்கு தொட்டியிலேயே மிதந்துகொண்டிருந்து அடுத்தவர் ஸ்லைடில் ஒட்டிக்கொள்வது உண்டு, அதனால் ஏமாந்து நோய் இல்லாதவருக்குப் புற்று என்று எழுதிவிடாதீர்கள் என்று ஆர்த்தி மேடம் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒட்டிய துணுக்கு மேலே தனியாகக் கிடக்கும். அதைத் தெளிவாக்கினால் கீழே உள்ளது மங்கும். இது அப்படி இல்லை. சிறுநீரகக் குழாய்களுக்கு இடையில் ஒரே மட்டத்தில் புகுந்திருந்தது. பக்கத்துக் குழாய்கள் நசுங்கியிருந்தன. அதற்கு ஒரு ரத்தக்குழாயும் போனது.

தவிர, இந்தப் பெட்டி வடக்கே எங்கோ விலைக்கு வாங்கியது. அப்பாவின் துண்டு வெட்டப்பட்டது இங்கே. இரண்டும் ஒரே தொட்டியில் மிதந்திருக்க முடியாது.

கல்லீரலை எடுத்தாள். கல்லீரலில் இரண்டு இருந்தன.

வெளியே மேகம் இறங்கி, குழலுக்குள் வெளிச்சம் பழுப்பாகிவிட்டது. கண்ணாடியைத் திருப்பி வானத்தைத் தேடினாள். ரயில் ஒன்று நிதானமாகக் கடந்து போனது. மேஜை அதிர்ந்தது, பெட்டிக்குள் ஸ்லைடுகள் எல்லாம் சேர்ந்து குளிரில் பல் அடித்துக்கொள்வது போல ஒலித்தன. ரயில் போய்விட்டது. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நின்றது.

கைக்குட்டையைப் பிரித்து நாற்பத்தொன்றைப் பார்த்தாள். உளுந்து அளவுக்கு இருந்தது இப்போது மொச்சை அளவுக்கு இருந்தது. ஓரம் மூடுகண்ணாடியின் விளிம்பைத் தொட்டிருந்தது. தப்பாகப் பார்க்கிறோம் என்று தலையை உதறிக்கொண்டாள். பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து, சிவப்புத் துண்டைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டாள். மேஜையின் மறுகோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கீழே சைக்கிள் ஸ்டாண்டில் மழைத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. இருநூறு வரை எண்ணினாள். திரும்பி வந்தாள்.

சிவப்பு, கோட்டைத் தாண்டியிருந்தது.

இசைவாணிக்குப் போன் போட்டாள். அவள் அப்போதுதான் வீடு போய்ச் சேர்ந்திருந்தாள், நெல் மூட்டை நனையாமல் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். பெட்டியில் எதையும் செருகவில்லை என்றாள். காலையில் சிறுநீரகத்தின் மூலையில் ஏதாவது பார்த்தாயா என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லையே, போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கிறேன் என்றாள்.

ஜெசிந்தா போனின் கேமராவைக் குழல் வாயில் வைத்து எடுத்தாள். சிறுநீரகம். கல்லீரல். அதன்பின் நாக்கு, மண்ணீரல், நுரையீரல், இதயத் தசை. ஆறு படம். எடுக்கும்போது அவள் உள்ளே பார்க்கவில்லை. பார்க்காமலே எடுத்து, பார்க்காமலே அனுப்பினாள். இரண்டு நிமிடம் கழித்து இசைவாணியே கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"என்னாடி பண்ணிக்கினு கீற? ஒரே ஸ்லைட ஆறு வாட்டி எடுத்து அனுப்பிருக்க. ஆறும் ஒண்ணுதான?"

ஜெசிந்தா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அடியிலிருந்து இசைவாணியின் குரல் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது.

இதயத் தசையை வைத்துக் குனிந்தாள். காலையில் குறுக்குக் கோடு போட்ட நார்கள் கிளை விட்டு ஓடியதை அவள் எவ்வளவு ஆசையாக வரைந்தாள். இப்போது நார்கள் இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் முத்துகள். ஒன்றல்ல. ஒன்பது, பத்து. ஒவ்வொன்றும் வளையம் வளையமாகச் சுருண்டு, நடுவில் கறுத்த புள்ளியோடு.

அடுத்தது. எலும்பு. எலும்பிலும்.

அடுத்தது. மூளை. மூளையிலும்.

இன்னும் எடுத்தே பார்க்காத ஸ்லைடுகள். பித்தப்பை. தைராய்டு. கணையம். எதையும் அடையாளம் சொல்ல முடியவில்லை. எல்லாமே ஒன்றாகிவிட்டிருந்தது. பெயர்ச்சீட்டுகள் மட்டும் வேறு வேறாக இருந்தன.

கடைசியாக ரத்தம் தேய்த்த ஸ்லைடை எடுத்தாள். அதில் திசு கிடையாது. தனித்தனிச் சிவப்பணுக்கள்தான். அவற்றுக்கு நடுவில், கூட்டமாக, கறுத்த உட்கருவோடு அவை போய்க்கொண்டிருந்தன. போய்க்கொண்டிருந்தன என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஒரு பக்கமாக.

அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மூலையில் உடைந்த ஸ்லைடுகளைப் போடுகிற வாளி இருந்தது, பாதி வரைக்கும் பிளீச்சிங் கரைசல். நாற்பத்தொன்றை இரண்டு விரலால் ஓரமாகப் பிடித்து எடுத்துப் போய் வாளிக்கு மேல் நீட்டினாள். விரலை விட்டால் போதும்.

விட முடியவில்லை. அது அப்பாவைத் தின்றதுதான். ஆனால் அதன் ஓரத்தில் கொஞ்சம் நல்ல செல்களும் இருந்தன. அதை அவள் பார்த்தாள். தன் கண்ணால் பார்த்தாள். இதை விட்டால் அவர் எங்கேயும் இல்லை.

திரும்ப மேஜைக்கு வந்தாள். அழுதுகொண்டே யோசித்தாள். லென்ஸ். லென்ஸில் ஏதாவது ஒட்டியிருந்தால் எல்லா ஸ்லைடிலும் ஒன்றேதான் தெரியும். இவ்வளவு எளிதான விஷயம் ஏன் முதலிலேயே தோன்றவில்லை. அழுக்கு லென்ஸ். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் களைத்த கண். அவ்வளவுதான். மார்க்கர் கோடுகூட அவள் தப்பாகப் போட்டிருக்கலாம்.

இதுவரை யாரும் தொடாத புது ஸ்லைடு பாக்கெட்டைப் பிரித்து வெறும் கண்ணாடி ஒன்றை மேடையில் வைத்தாள். லென்ஸில் அழுக்கு இருக்கட்டும், இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே குனிந்தாள்.

வெறும் வெளிச்சம். சுத்தமான வட்டம்.

லென்ஸில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் கண். கண்தான். சாயம் ஏறிய செல் எதைப் பார்த்தாலும் இனி அப்படித்தான் தெரியும். அதையும் சோதித்துவிடலாம். திங்கட்கிழமைத் தேர்வில் அதுவும் உண்டு, தன் கன்னத்தின் உள்தோலைத் தானே சுரண்டிச் சாயம் போட்டுக் காட்டுவது. பெட்டியோடு சம்பந்தமில்லாத ஸ்லைடு. அவளே செய்வது. பல்குச்சியின் மழுங்கிய முனையால் வலது கன்னத்துக்குள் மெல்லச் சுரண்டினாள். கண்ணாடியில் தேய்த்தாள். மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி, தீயின் மேல் மூன்று முறை காட்டி உலர்த்தினாள். இனி அதில் உயிர் கிடையாது. நீலச் சாயம் ஒரு சொட்டு. நீலம் மட்டும்தான். ஒரு நிமிடம் வைத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி, மூடுகண்ணாடியை வைத்தாள்.

வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்தாள். குனிந்தாள்.

பெரிய, தட்டையான செல்கள். மெல்லிய நீலம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஒரு சின்ன உட்கரு, வட்டமாக, அடக்கமாக. புத்தகத்தில் இருந்தபடியே இருந்தன. அவளுக்கு மூச்சு வந்தது. கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. பென்சிலை எடுத்து, கண்ணை எடுக்காமலே நோட்டில் எழுதினாள். கன்னத்துச் செல். காரணம் ஒன்று, தட்டையான வடிவம். காரணம் இரண்டு. இரண்டாவதற்காக ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

இன்னும் கொஞ்சம்.

நீலத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பு.

சிவப்புச் சாயம் அவள் போடவே இல்லை.

நகர்த்த வேண்டாம் என்று நினைத்தாள். விரல் நகர்த்தியது. வளையம். அதற்குள் வளையம். அதற்குள் இன்னொன்று. சுற்றிலும் கறுத்துப் பெருத்த உட்கருக்கள், நெருக்கி அடித்துக்கொண்டு. நீலச் செல்கள் ஓரமாக ஒதுங்கியிருந்தன.

கன்னத்துக்குள் ஏதோ இழுத்தது.

மாடிப்படியில் துரைக்கண்ணுவின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. கதவுக்கு வெளியே சாவிக்கொத்து குலுங்கியது.

"மணி ஆறாவுது பாப்பா. எல்லாம் பாத்து முடிச்சிட்டியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தது. அதற்கு மேல் திறக்கவில்லை. தாடையைக் கையால் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. தொண்டையில் எழுந்த சத்தம் பல்லுக்குப் பின்னாலேயே நின்றது.

கண்ணைக் குழலிலிருந்து எடுக்க முடியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் முழுவதும் போய்விட்டிருந்தது, ஆனாலும் உள்ளே தெரிந்தது. முத்தின் ஓரத்தில், தீயில் காட்டி உலர்த்திய ஒரு செல், நடுவில் இறுகி, ஒடுங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.